துண்டுத் துணியின் தவணை

தையல் நடக்கிற வீடுகளில் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மூட்டை இருக்கும். இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள ஏறாவூரில் அது பெரும்பாலும் அரிசி வந்த சாக்கு. வாய் கட்டாமல், ஒரு பக்கம் சரிந்து, சுவரோடு ஒட்டிக் கிடக்கும். சட்டைக் கைக்குழியை வெட்டும்போது விழுந்த பிறைத் துண்டுகள், சாரத்தின் ஓரப்பட்டைகள், பள்ளிச் சீருடையின் வெள்ளை, ஒரு விரற்கடை அகலத்துக்குச் சீத்தை, வழுவழுத்த லைனிங், எந்தச் சீலையின் முந்தானை என்று இனி யாராலும் சொல்ல முடியாத ஒரு சரிகைக் கீற்று. கையை விட்டுத் துழாவினால் மேலே மெதுமெதுப்பு, அடியில் ஈரப் பிசுபிசுப்பு. இந்த மூட்டையைக் குப்பை என்று எவரும் சொல்வதில்லை. சேமிப்பு என்றும் சொல்வதில்லை. ‘கிடக்கட்டும், எதுக்கும் உதவும்’ என்கிறார்கள். அந்த ‘எதுக்கும்’ என்ற சொல்தான் என்னை விடாமல் உறுத்துகிறது. எதற்கும் உதவும் என்று வைக்கப்பட்டது பல வருடங்களாக ஒன்றுக்கும் உதவாமல் கிடக்கிறது. ஆனாலும் அதை எடுத்து வெளியே வைக்கக் கை வருவதில்லை. வீண்விரயம் கூடாது என்று வளர்க்கப்பட்ட ஊரில், எறியாமல் வைத்திருப்பதே ஒரு நற்செயல் என்ற உணர்வு ஆழமாக இருக்கிறது. இந்த உணர்வில் பாதி சரி என்றும், மற்றப் பாதி நம்மைச் சௌகரியமாக ஏமாற்றுகிறது என்றும் நினைக்கிறேன். துண்டுத் துணியை ஒழுங்குபடுத்துவது இடம் பற்றிய கேள்வியாகப் பார்க்கப்படுகிறது. எத்தனை பெட்டி, எந்தத் தட்டு, நிறவாரியாகவா அளவுவாரியாகவா என்று யோசிக்கிறோம். எனக்கு அது காலம் பற்றிய கேள்வியாகத் தெரிகிறது.

ஒரு காலத்தில் இந்த மூட்டை இருக்கவில்லை. இருக்க வழியும் இல்லை. 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதி இறுக்கப்பட்டிருந்த ஆண்டுகளில் துணி அருமையாக இருந்தது. கிழக்கின் கைத்தறி ஊரான மருதமுனையில் தறிகள் ஓயாமல் ஓடிய காலம் அது. அப்போது ஒரு பருத்திச் சீலை கட்டி நைந்தபின் குழந்தைக்கு ஏணையாகும். ஏணையில் கிழிந்தபின் மடித்துத் தைத்துப் படுக்கை விரிப்பாகும். விரிப்பு பொத்துப்போனால் தலையணை உறை, பிறகு அடுப்படியில் பிடிதுணி, கடைசியில் விளக்குத் துடைக்கும் கந்தல். ஒவ்வொரு படியிலும் துணிக்காக ஒரு தேவை காத்துக்கொண்டு நின்றது. துணி வந்து சேர்வதற்கு முன்பே அது போகவேண்டிய இடம் தீர்மானிக்கப்பட்டிருந்தது. 1977இல் சந்தை திறந்ததும் வெளிநாட்டுத் துணி வந்தது, கைத்தறி தளர்ந்தது, அதன் பின்னால் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. 1992இல் ஜனாதிபதி பிரேமதாச தொடக்கிய இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் அந்தத் தொழிலைக் கொழும்புக்கு வெளியே கிராமங்களுக்குக் கொண்டுபோனது. வெட்டு மேசையில் அடுக்கடுக்காகத் துணியை விரித்து வெட்டும்போது பத்திலிருந்து பதினைந்து விழுக்காடு வரை துண்டுகளாக விழும் என்பது அந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அந்தத் துண்டுகள் கிலோக் கணக்கில் விலைக்கு வருகின்றன. துணி மலிந்தது, தைக்கும் கையின் வேகம் மட்டும் அப்படியே இருந்தது. மூட்டை பிறந்தது இந்த இடைவெளியில்தான். பிடவைக்கடையில் ஒரு யார் துணி எடுக்கச் சில நிமிடங்கள் போதும், அதன் மிச்சத்தை ஒட்டித் தைக்க ஒரு பின்னேரம் போகும் என்றானபின், எந்த அலுமாரியும் இதைத் தாங்காது.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். அறுபது அங்குல அகலமும் தொண்ணூறு அங்குல நீளமும் உள்ள ஓர் ஒற்றைக் கட்டில் விரிப்பை, தைத்து முடித்தபின் ஐந்து அங்குலம் நிற்கும் சதுரங்களால் செய்வதென்றால் 216 சதுரம் வேண்டும். தையலுக்கு விட்டு ஒவ்வொன்றையும் ஐந்தரை அங்குலமாக வெட்டவேண்டும். எல்லாம் சேர்ந்தால் 44 அங்குல அகலத் துணியில் நாலு யாருக்குக் கொஞ்சம் கூட. மெல்லிய பருத்தி என்றால் எடை அரைக் கிலோவைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஒரு பத்துக் கிலோ மூட்டையில் பாதி மட்டுமே தேறும் என்று வைத்துக்கொண்டாலும், அது ஒன்பது விரிப்பு. வீட்டு வேலை, பிள்ளைகள், ஓர்டர் தையல் எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு விரிப்பை வெட்டி, ஒட்டி, அடித்துணி வைத்து, ஓட்டத் தையல் போட்டு, ஓரம் மடித்து முடிக்க இரண்டு மாதம் ஆகும் என்றால், மூலையில் கிடக்கும் ஒரே ஒரு சாக்கு ஒன்றரை வருட உழைப்பு. அப்படி மூன்று சாக்கு வைத்திருப்பவர் நாலரை வருடத்துப் பின்னேரங்களுக்கு முன்கூட்டியே கடன்பட்டிருக்கிறார். மூட்டையைப் பார்க்கும்போது வரும் அந்த இனம் தெரியாத சலிப்பு இடம் அடைபட்டதால் வருவதாக எனக்குத் தோன்றவில்லை. செய்யாத வேலை கண்முன்னே உட்கார்ந்திருப்பதால் வருவது அது. அது நம்மிடம் துணியைக் காட்டவில்லை, நாம் தராத நேரத்தைக் காட்டுகிறது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து பெட்டிகளும் தட்டுகளும். நிறவாரியாக மடித்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டிகளில் அடுக்கி, மேலே சீட்டு ஒட்டுவது. பார்க்க மிக அழகாக இருக்கும். ஆனால் அடுக்கி முடித்த அன்று வரும் நிம்மதி, தைத்து முடித்தது போன்ற ஒரு பொய்த் திருப்தி; அதற்கடுத்த வாரமே புதிய துண்டுகள் வரத் தொடங்கும். அழகாக அடுக்கிய துணியைக் கலைக்கவும் மனம் வராது. அதைவிட, இந்தக் கரையின் காற்று அடுக்கி வைத்த எதையும் நெடுநாள் மன்னிப்பதில்லை. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் புன்னைக்குடாக் கடல். கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் தரை வியர்க்கும், சுவர் வியர்க்கும், அலுமாரிக்குள் மடித்த துணிகூடக் குளிர்ந்து கனக்கும். மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் முழுதாக உலராத பருத்தியை வைத்தால் மடிப்போரங்களில் கறுப்புப் புள்ளி விழும். அது பூஞ்சணம், அடித்துத் துவைத்தாலும் முழுதாகப் போவதில்லை. கடையிலிருந்து வந்த பசை போகாத புதுத்துணியை வெள்ளிப்பூச்சி தேடி வரும், ஏனென்றால் அதற்கு மாப்பசை உணவு. பூச்சி உருண்டை போட்டால் பூச்சி போகலாம், அந்த வாசனை பிறகு அந்த விரிப்பில் படுக்கும் பிள்ளையின் மூக்கில் இருக்கும். ஆகவே வைத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. வருடம் தவறாமல் துவைத்து, வெயிலில் காட்டி, மடித்து வைக்கும் உழைப்பு அது. அந்த உழைப்பைச் செய்யாமல் வைத்திருப்பது, மெதுவாக எறிவதுதான்.

துணிக்கு இட எல்லையை விடக் கால எல்லை வைப்பதே பொருத்தம் என்பதற்கு மிகப் பழைய ஒரு சான்று இந்தத் தீவிலேயே நம் அயலில் இருக்கிறது. பௌத்த பிக்குகளுக்கான விநய விதிகளில், வஸ் என்னும் மழைக்காலத் தங்கல் முடிந்து சீவரம் என்னும் துறவாடை வழங்கப்படும் கடினக் காலத்துக்கு வெளியே, கூடுதலாகக் கிடைத்த சீவரத் துணியைப் பத்து நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. மீறினால் அதை விட்டுக்கொடுத்துவிட வேண்டும். அதைவிட என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது அதனோடு வரும் இன்னொரு விதி. கிடைத்த துணி ஒரு சீவரத்துக்குப் போதாது, மிச்சம் எங்கிருந்தோ வரும் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது என்றால், ஒரு மாதம் வரை வைத்திருக்கலாம். துண்டுத் துணி சேர்ப்பவர் ஒவ்வொருவரும் சொல்லும் அதே வாதத்தை இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே யாரோ கேட்டிருக்கிறார்கள்: ‘இதோடு சேரும் துண்டு இன்னும் வரவில்லை.’ அந்த வாதத்தை அவர்கள் பொய் என்று தள்ளவில்லை. நியாயம் என்று ஏற்றுக்கொண்டு, அதற்கு ஒரு தவணை வைத்தார்கள். வஸ் காலம் முடிந்து வரும் கடின சீவரமோ அன்றைக்கே வெட்டி, தைத்து, சாயமிட்டு முடிய வேண்டியது. அதனால் விகாரையில் எல்லாக் கைகளும் ஒன்றுகூடும். அந்தச் சீவரத்தின் கட்டமைப்பே ஒட்டு வேலைதான். மகத நாட்டு வயல்களின் வரப்புகளைக் காட்டிப் புத்தர் கேட்க, ஆனந்தர் அந்த மாதிரியில் துண்டுகளை இணைத்து அமைத்தார் என்று விநய நூலான மகாவக்கம் சொல்கிறது. ஏறாவூருக்கு அடுத்த செங்கலடிப் பக்கம் விளைந்த வயலைப் பார்த்தவர்களுக்கு அந்த வடிவம் உடனே பிடிபடும். வெட்டப்பட்ட துணியைக் கள்வர் விரும்பார் என்ற நடைமுறைக் காரணமும் அங்கே சொல்லப்படுகிறது. துறவிக்கு வைத்த விதியை வீட்டுக்காரிக்குப் பொருத்தலாமா என்று கேட்கலாம். பத்து நாளைப் பொருத்தச் சொல்லவில்லை. எல்லை எங்கே வைக்கப்பட்டது என்பதைப் பார்க்கச் சொல்கிறேன்: இத்தனை முழம் என்று சொல்லாமல், இத்தனை நாள் என்று சொன்னார்கள்.

இதற்கு எதிராக வரும் வாதங்களில் ஒன்றை மிக மரியாதையோடுதான் அணுகவேண்டும். ஏறாவூர் போன்ற ஊரில் எதையும் எறியாமல் வைத்திருப்பதைப் பேராசை என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. 1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்பின் கூரைகளைப் பிய்த்தெறிந்தது. 1990 ஆகஸ்டில் இந்த ஊரில் ஓர் இரவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே சத்துருக்கொண்டானில் தமிழ்க் குடும்பங்கள் அதே கதிக்கு ஆளாயின. 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தது. உடுத்த உடையோடு ஓடியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒரு துண்டுத் துணியைக்கூட விடமாட்டேன் என்றால், அது அனுபவம் கற்றுத் தந்த எச்சரிக்கை. போனவர்களின் சீலையில் வெட்டிய ஒரு துண்டு மூட்டைக்குள் இருக்குமானால், அதை யாரும் அளவு நாடாவால் அளக்கக் கூடாது. இதையெல்லாம் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதே வாதம்தான் என் பக்கத்துக்கும் வலுச் சேர்க்கிறது. ஓடவேண்டி வந்தால் சாக்கை யாரும் தூக்குவதில்லை. தைத்து முடித்த விரிப்பைத்தான் தோளில் போட்டுக்கொண்டு பிள்ளையைப் போர்த்துவார்கள். அகதி முகாமின் சீமெந்துத் தரையில் விரிக்க உதவியது விரிப்பு. உம்மாவின் சீலைத் துண்டு இருபது வருடம் பூஞ்சணம் பிடித்துச் சாக்கின் அடியில் கிடப்பதை விட, தினமும் கைபடும் ஒரு தொழுகை விரிப்பின் நடுவில் இருப்பது அவரை அதிகம் நினைக்க வைக்கும். ஆகவே நினைவுத் துணிக்குத் தனி வகை வேண்டும், அதற்கு முதல் இடமும் வேண்டும். அது மூட்டையைக் காக்கும் சாக்காக மாறிவிடக் கூடாது.

இன்னொரு வாதம் கலைஞர்களிடமிருந்து வருகிறது. குவியல்தான் கற்பனைக்குத் தீனி, வகைபிரித்தால் எதிர்பாராத சேர்க்கைகள் பிறக்காது என்கிறார்கள். இதற்கு மிகச் சிறந்த சாட்சி வட கர்நாடகத்தின் சித்திப் பெண்கள். ஆபிரிக்க வழி வந்த அந்தச் சமூகத்தின் பெண்கள் கவந்தி என்னும் விரிப்பைத் தைக்கிறார்கள். ஒரு பழஞ்சீலையை அடியில் விரித்து, வெளி மூலையில் தொடங்கி, ஓரமாகவே சுற்றிச் சுற்றி, கிடைத்த துண்டுகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்து ஓட்டத் தையல் போட்டு, கடைசியில் நடுவில் வந்து முடிக்கிறார்கள். நாலு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த துணிப் பூ வைக்காவிட்டால் விரிப்பு முழுமையடையாது என்பது அவர்கள் நம்பிக்கை. முன்கூட்டி வரைந்த மாதிரி இல்லை, நிறப்பெட்டி இல்லை. ஆனால் கவனித்துப் பார்த்தால் அங்கே குவியலும் இல்லை. வந்த துணி வந்த வேகத்தில் விரிப்புக்குள் போய்விடுகிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் பெண்களுடைய கதையும் அப்படித்தான். கறுப்பினப் பண்ணைக் குடும்பங்களின் அந்தக் கிராமத்தில் தேய்ந்த வேலை உடைகளிலிருந்து விரிப்புகள் தைக்கப்பட்டன. 2002இல் ஹியூஸ்டன் அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயோர்க்கின் விட்னியிலும் அவற்றைத் தொங்கவிட்டபோது உலகம் நவீன ஓவியத்தைப் பார்ப்பது போல் பார்த்தது. 1966இல் அந்தப் பகுதியில் தொடங்கிய கூட்டுறவுத் தையல் சங்கம் 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கோர்டுரோய்த் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் பெற்றது. அதன் வெட்டு மிச்சங்கள் வீடுகளுக்குப் போயின. தோடம்பழ நிறத்திலும் கடும் சிவப்பிலும் பொன் மஞ்சளிலும் வந்த அந்தத் தடித்த துணி, சில வருடங்களில் ஒரு தலைமுறை விரிப்புகளையே உருவாக்கியது. தொழிற்சாலை மிச்சம் கலையாக மாறியதற்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. அங்கே கற்பனை வேலை செய்தது துணி மிகுந்ததால் என்று சொல்லத் தோன்றும். எனக்குப் படுவது வேறு: ஒரே வகைத் துணி, சில நிறங்கள், காத்திருக்கும் கட்டில்கள், இவை மூன்றும் சேர்ந்ததால்.

மூட்டையைப் பிரிக்கும்போது, முதலில் கேட்கவேண்டியதும் நாம் மிக எளிதாகத் தாண்டிப்போவதுமான கேள்வி, இது யாருடைய துணி என்பது. ஓர்டர் தையலில் விழும் துண்டுகள் துணி கொடுத்தவருடையவை. அமானிதமாக, அதாவது நம்பி ஒப்படைக்கப்பட்டு, வந்த பொருளின் மிச்சமும் அமானிதம்தான். 12ஆம் நூற்றாண்டில் சந்தை மேற்பார்வை பற்றி எழுதிய அஷ்ஷைஸரி, விலையுயர்ந்த துணியைத் தையற்காரர் எடைபோட்டு வாங்கி, தைத்தபின் எடைபோட்டே திருப்பவேண்டும் என்கிறார். இன்று சட்டைத் துணிக்குத் தராசு வைக்க யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் தைத்த உடையோடு மிச்சத் துண்டையும் மடித்துப் பையில் வைத்துக் கொடுக்கும் பழக்கம் நல்ல தையற்காரர்களிடம் உண்டு. ‘வேண்டாம், வெச்சுக்கோங்க’ என்று துணி கொடுத்தவர் சொன்னபின் அது நம்முடையது. இந்த ஒரு பழக்கமே மூட்டைக்கு வரும் துண்டுகளில் கணிசமானதைக் குறைத்துவிடும். கொடுத்தவர் வீட்டில் பொத்தான் பிய்ந்து கிழிந்த இடத்துக்கு ஒட்டுப்போட அந்தத் துண்டுதான் பொருந்தும் என்பது வேறு.

பிறகு வருவது பிரித்தல். அதை நிறத்தில் தொடங்குவது தவறு என்பது என் உறுதியான எண்ணம்; நூலின் இனத்தில் தொடங்கவேண்டும். சந்தேகமான துண்டின் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினால் தெரிந்துவிடும். பருத்தி கடதாசி எரியும் வாசனையோடு எரிந்து மென்சாம்பலாகும். பொலியெஸ்டர் சுருங்கிப் பின்வாங்கி, உருகி, கறுப்பு மணியாக இறுகும். இரண்டையும் ஒரே விரிப்பில் சேர்த்தால் முதல் துவையலில் பருத்தி சுருங்கும், மற்றது சுருங்காது, தையலோரம் முழுக்கச் சுருக்கம் விழும். ஆகவே பருத்தி தனி. துவைத்து, உச்சி வெயிலில் காயவிட்டு, ஸ்திரி போட்டு, அன்றைக்கே ஐந்தரை அங்குலச் சதுரமாக வெட்டிவிடவேண்டும். அதற்குத் தேறாததை இரண்டரை அங்குலப் பட்டையாக. இந்த வெட்டுதல்தான் உண்மையான அடக்குதல். முழுத் துண்டாக இருக்கும்வரை அது ‘எதுக்கும்’ உதவும். சதுரமாக வெட்டியபின் அது இதற்குத்தான் உதவும். பலருக்குக் கத்தரிக்கோலை எடுக்கக் கை நடுங்குவது இதனால்தான். பல சாத்தியங்களை விட்டு ஒன்றைத் தெரிந்தெடுப்பது இழப்பாகவே தோன்றும். ஆனால் 216 சதுரம் சேர்ந்த அடுக்கு ஒன்று மேசையில் இருந்தால், அடுத்து என்ன செய்யவேண்டும் என்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. இரண்டு விரல் அகலத்துக்குக் குறைந்தவை தலையணைக்குள் போகலாம், பின்னலடித்துக் கால்மிதியாகலாம். மீதியைத் தைக்கக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். மெஷினில் நேர்த்தையல் பழக அதைவிட நல்ல பொருள் இல்லை. ஒரு நோன்புப் பெருநாளிலிருந்து அடுத்த நோன்புப் பெருநாள்வரை தொடப்படாதது எதுவானாலும் கைமாறவேண்டும் என்று வைத்துக்கொண்டால் நடைமுறைக்கு ஒத்துவரும் என்று நினைக்கிறேன். வியாபாரச் சரக்குக்கு ஸகாத் கணக்கும் ஒரு வருடம் நிறைவதைப் பார்த்தே வருகிறது. வருடத்துக்கு ஒரு தரம் கையிலிருப்பதை எண்ணிப் பார்ப்பது இங்கே புதிய பழக்கமல்ல.

இவ்வளவு சொன்னபின்னும் எனக்கு விடை தெரியாமல் நிற்பது கறுப்புத் துணி. கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் அபாயா பரவியபின் மூட்டைகளின் நிறமே மாறியிருக்கிறது. சீத்தையும் வொயிலும் குறைந்து, கறுப்புப் பொலியெஸ்டர் பெருகுகிறது. அது வியர்வையை உறிஞ்சாது, ஆகவே பிடிதுணியாகாது. வழுக்கும், ஆகவே கால்மிதியாக்கினால் ஆபத்து. மக்கவும் மக்காது, வளவு மூலையில் குப்பையோடு கொளுத்தினால் வரும் புகை நெஞ்சைப் பிடிக்கும். அமெரிக்காவின் ஒகையோ, இந்தியானா பக்கத்தில், எளிய வாழ்வைப் பேணும் அமிஷ் கிறிஸ்தவச் சமூகத்துப் பெண்கள் கறுப்பையே பின்னணியாக வைத்து, அதன்மேல் ஒற்றை நிறங்கள் கனலுமாறு விரிப்புகள் தைத்தார்கள். அவர்களிடம் இருந்தது பருத்தி. நம்மிடம் இருப்பது உருகும் நூல். பொலியெஸ்டரோடு பொலியெஸ்டரையே சேர்த்து, அபாயாக் கறுப்புக்கு நடுவே லைனிங் நிறங்களை வைத்து, சுவரில் தொங்கவிடும் திரையாகவோ பள்ளிப் பையாகவோ தைக்கலாம். அப்படித் தைத்தாலும் மூட்டையில் எவ்வளவு குறையும்? ஒரு வீட்டின் கைகளால் இதற்கு ஈடுகொடுக்க முடியாது. புன்னைக்குடாவில் ஏறத்தாழ 275 ஏக்கரில் துணி உற்பத்திப் பூங்கா அமைக்கும் திட்டம் வந்தபின் இந்தக் கேள்வி வீட்டை விட்டு வெளியே போய்விட்டது. எவ்வளவு துணி வரும், எத்தனை பேருக்கு வேலை என்று பேசுகிறவர்கள், வெட்டி விழும் துண்டு எங்கே போகும், எத்தனை நாளுக்குள் போகும் என்பதையும் இப்போதே எழுத்தில் வைக்கவேண்டும். துணி வந்து குவிந்தபின் அந்தக் கேள்வியைக் கேட்டால், பதிலாக வருவது இன்னொரு கிடங்காகத்தான் இருக்கும்.